கூடமாட ஒத்தாசை

இரண்டு வயதுக் குழந்தையின் கையிலிருந்து துடைப்பத்தை வாங்குவது எளிதல்ல. ஒரு பக்கம் இழுத்தால் இரண்டு கையாலும் இறுகப் பிடித்துக்கொள்ளும். கூட்டிக் குவித்த குப்பையைத் திரும்பக் கூடம் முழுக்கப் பரப்பிவிட்டு, வேலையை முடித்த நிறைவோடு நிமிர்ந்து நம்மைப் பார்க்கும். அடுப்பில் குழம்பு கொதிக்கிறது, ஆபீஸுக்கு நேரமாகிறது. "போ சாமி, போய் விளையாடு" என்று கையில் ஒரு பொம்மையைக் கொடுத்து அனுப்பிவிடுகிறோம். அதே பிள்ளைக்குப் பன்னிரண்டு வயதாகும்போது, சாப்பிட்ட தட்டை எடுத்துப் போடச் சொல்லி நாலு தடவை சத்தம் போட வேண்டியிருக்கிறது. நடுவில் பத்து ஆண்டுகள் போயிருக்கின்றன. அந்தப் பத்து ஆண்டுகளில் என்ன நடக்கிறது என்று தேடிப் போனவர்களின் கதை இது.

முதலில் ஹேரியட் ரைங்கோல்ட். அமெரிக்காவில் வட கரோலினாப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய உளவியலாளர். தம் ஆய்வுக்கூடத்தையே ஒரு வீடு போல மாற்றினார். மடிக்க வேண்டிய துணி, பெருக்க வேண்டிய தரை, அடுக்க வேண்டிய மேசை என்று செய்து முடிக்காத வேலைகளை அங்கே விட்டுவைத்தார். ஒன்றரை வயது, இரண்டு வயது, இரண்டரை வயதுக் குழந்தைகள் பெற்றோருடன் உள்ளே வந்தார்கள். பெரியவர்கள் வேலையைத் தொடங்கியதுமே குழந்தைகளும் இறங்கிவிட்டார்கள். யாரும் ஏவவில்லை. பாதிக்கும் மேற்பட்ட வேலைகளில் அவர்களும் கைவைத்தார்கள். பழக்கமில்லாத பெரியவர் செய்தாலும் போய் உதவினார்கள். வெறுமனே பார்த்துச் செய்யும் போலச்செய்தலாக அது இருக்கவில்லை. அந்த வேலை எதற்காக என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. பெரியவர்கள் செய்து காட்டாத, ஆனால் அந்த வேலைக்குப் பொருந்துகிற செயல்களையும் தாமாகச் சேர்த்துக்கொண்டார்கள்.

1982-இல் வெளியான அந்தக் கட்டுரையில் என்னைப் பிடித்து நிறுத்திய செய்தி வேறொன்று. குழந்தைகள் குறுக்கே வந்து வேலையைக் கெடுக்கிறார்கள் என்பதால், வீட்டு வேலைகளைக் குழந்தை தூங்கும் நேரமாகப் பார்த்துச் செய்துவிடுவதாகப் பெற்றோர்கள் சொன்னார்களாம். குழந்தை எதை உதவி என்று நினைத்துச் செய்கிறதோ அதற்கு நாம் வைத்திருக்கும் பெயர் தொல்லை.

ரைங்கோல்டுக்கு ஏறக்குறைய கால் நூற்றாண்டுக்குப் பிறகு, ஜெர்மனியின் லைப்சிக் நகரிலுள்ள மாக்ஸ் பிளாங்க் நிறுவனத்தில் ஃபெலிக்ஸ் வார்னெக்கனும் மைக்கேல் டொமசெல்லோவும் இதையே இன்னும் கறாராகச் சோதித்தார்கள். பரிசோதகர் கொடியில் துணி காயப்போடுகிறார். துணி மாட்டும் கிளிப் ஒன்று கீழே விழுகிறது. கையை நீட்டுகிறார், எட்டவில்லை. ஒன்றரை வயதுக் குழந்தை எழுந்து, தத்தித் தத்தி நடந்து வந்து, கிளிப்பை எடுத்து அவர் கையில் கொடுக்கிறது. இரண்டு கையிலும் பத்திரிகைக் கட்டோடு அலமாரிக் கதவில் முட்டிக்கொண்டு நிற்கிறார்; குழந்தை போய்க் கதவைத் திறந்துவிடுகிறது. நன்றி சொல்லவில்லை, மிட்டாய் கொடுக்கவில்லை. 24 குழந்தைகளில் 22 பேர் ஒரு தடவையாவது உதவினார்கள். கிளிப்பை அவர் வேண்டுமென்றே கீழே வீசியபோது குழந்தைகள் எடுத்துத் தர வரவில்லை என்பதையும் கவனிக்க வேண்டும். எது தேவை, எது தேவையில்லை என்று பிரித்துப் பார்க்கும் கண், பேச்சு திருந்தாத வயதிலேயே வந்துவிடுகிறது.

2008-இல் அதே இருவர் அடுத்த கேள்வியைக் கேட்டார்கள். இப்படித் தானாக உதவுகிற குழந்தைக்குப் பரிசு கொடுத்தால் என்ன ஆகும்? இருபது மாதக் குழந்தைகளை மூன்று குழுவாகப் பிரித்தார்கள். உதவியதும் ஒரு குழுவுக்குச் சின்னக் கட்டை ஒன்று கிடைக்கும்; அதை ஒரு பெட்டியில் போட்டால் கிணுகிணுவென்று ஒலிக்கும், குழந்தைகளுக்கு அது ஆனந்தம். இரண்டாம் குழுவுக்குப் பாராட்டு மட்டும். மூன்றாம் குழுவுக்கு ஒன்றுமே இல்லை. பிறகு எல்லாருக்கும் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு, உதவ வாய்ப்புகளை மட்டும் தொடர்ந்து கொடுத்தார்கள். பாராட்டுப் பெற்ற குழந்தைகளும் ஒன்றும் பெறாத குழந்தைகளும் முன்போலவே எழுந்து போய் உதவினார்கள். கட்டை வாங்கிப் பழகிய குழந்தைகளிடம்தான் உதவுவது குறைந்தது. இரண்டு வயது நிரம்பாத மனத்தில்கூட, ஒரு சில பரிசுகள் போதும், செயலின் பொருளே மாறிவிடுகிறது.

இந்தச் சோதனைக்குத் தாய்ச் சோதனை ஒன்று உண்டு. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக வளாகத்தில் உள்ள பிங் மழலைப் பள்ளியில் நடந்து, 1973-இல் வெளியானது. மார்க் லெப்பர், டேவிட் கிரீன், ரிச்சர்ட் நிஸ்பெட் மூவரும் செய்தது. வண்ண ஸ்கெட்ச் பேனாக்களால் வரைவதில் இயல்பாகவே ஆர்வமுள்ள, மூன்று முதல் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளைத் தேர்ந்தெடுத்தார்கள். ஒரு குழுவிடம் முன்கூட்டியே சொன்னார்கள்: வரைந்தால் பொன் நட்சத்திரமும் ரிப்பனும் ஒட்டிய, உன் பெயர் எழுதிய சான்றிதழ் கிடைக்கும். இரண்டாம் குழுவிடம் எதுவும் சொல்லாமல் வரையவிட்டு, முடிந்ததும் எதிர்பாராமல் அதே சான்றிதழைக் கொடுத்தார்கள். மூன்றாம் குழுவுக்குச் சொல்லவும் இல்லை, கொடுக்கவும் இல்லை. ஒன்றிரண்டு வாரம் கழித்து, வகுப்பில் விளையாட்டு நேரத்தில் அதே பேனாக்களை மேசைமேல் வைத்துவிட்டு ஒளிந்திருந்து கவனித்தார்கள். பரிசே பெறாத குழந்தைகள் தம் நேரத்தில் சுமார் 17 விழுக்காட்டையும், எதிர்பாராமல் பெற்றவர்கள் 18 விழுக்காட்டையும் வரைவதில் செலவழித்தார்கள். பரிசுக்காக வரைந்தவர்களோ 9 விழுக்காட்டைக்கூடத் தொடவில்லை. பரிசுக்கு வரைந்த படங்களும் தரத்தில் குறைவு.

சான்றிதழ் இரண்டு குழுவுக்கும் ஒன்றுதான். கேடு செய்தது சான்றிதழ் அல்ல, "இதைச் செய்தால் அது" என்ற பேரம். நாம் ஏன் ஒரு காரியத்தைச் செய்கிறோம் என்பதை நம் மனமே நம்மைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்கிறது. வரைகிறேன், ஏனென்றால் பிடித்திருக்கிறது என்று எண்ணிக்கொண்டிருந்த பிள்ளை, வரைகிறேன், ஏனென்றால் சான்றிதழ் வரும் என்று எண்ணத் தொடங்குகிறது. சான்றிதழ் நின்றால் காரணமும் நின்றுவிடுகிறது.

இங்கே ஒருவர் நியாயமாகவே குறுக்கிடலாம். படம் வரைவது சுகமான வேலை, பாத்திரம் விளக்குவது அப்படியா? இல்லாத ஆர்வத்தைப் பரிசு எப்படிக் கெடுக்கும்? இந்தக் கேள்வியைத் தட்டிக்கழிக்கக் கூடாது. எட்வர்ட் டெசியும் அவருடைய சகாக்களும் 1999-இல் 128 சோதனைகளை ஒன்றாகத் திரட்டிப் பார்த்தார்கள். முன்கூட்டிச் சொல்லிக் கொடுக்கும் பொருட்பரிசு ஆர்வத்தைக் குறைக்கிறது, அதுவும் குழந்தைகளிடம் கூடுதலாகக் குறைக்கிறது என்பது அவர்கள் முடிவு. ஆனால் அந்த விளைவு சுவையான வேலைகளுக்குத்தான். சலிப்பூட்டும் வேலைகளில் அது தென்படவில்லை. அதற்கு முன்பே, 1994-இல் ஜூடி கேமரனும் டேவிட் பியர்ஸும் இதேபோல் திரட்டிப் பார்த்து, பரிசால் பெரிய கேடில்லை என்று எழுதியிருந்தார்கள். இரு தரப்புக்கும் நடுவே பல ஆண்டுகள் வாதம் ஓடியது.

பரிசுப் பட்டியல் வேலை செய்யும் இடங்களும் உண்டு. டியோடோரோ அய்லனும் நேதன் அஸ்ரினும் 1960-களில் இல்லினாய் மாநிலத்தின் அன்னா அரசு மருத்துவமனையில், நீண்டகால மனநோயாளிகளுக்கு டோக்கன் முறையைக் கொண்டுவந்தார்கள். தாமே குளித்து உடுத்தினால், சிறு வேலை செய்தால் டோக்கன். டோக்கனைக் கொடுத்து வேண்டியதை வாங்கிக்கொள்ளலாம். அசையாமல் கிடந்தவர்கள் எழுந்து நடமாடினார்கள். இன்று நம் ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டும் ஸ்டார் சார்ட் அந்த மரபில் வந்ததுதான். கவனக்குறைவும் மிகைத் துறுதுறுப்பும் உள்ள குழந்தைகளுக்கு, உடனுக்குடன் கிடைக்கும் புள்ளிகளும் சிறு பரிசுகளும் உண்மையாகவே உதவுகின்றன. மருத்துவர்கள் பரிந்துரைக்கும் நடத்தைச் சிகிச்சையில் அது ஒரு பகுதி. அப்படிப்பட்ட பிள்ளையை வைத்திருக்கும் பெற்றோர் இந்த அத்தியாயத்தைப் படித்துவிட்டுச் சார்ட்டைக் கிழித்துவிட வேண்டாம். இரவு பல் தேய்க்க அடம்பிடிக்கும் நாலு வயதுக்காரனுக்கு ஒரு மாதம் ஸ்டிக்கர் ஒட்டுவதும் குற்றமில்லை.

ஆனால் ஸ்டார் ஏன் சீக்கிரம் வெளுத்துப்போகிறது என்பதைத் தெரிந்துகொள்வது நல்லது. சுவிட்சர்லாந்தில் வோல்ஃப்ராம் ஷுல்ட்ஸ் குரங்குகளின் மூளையில் டோபமின் நரம்பணுக்களைக் கவனித்துவந்தார். பழச்சாறு எதிர்பாராமல் நாக்கில் பட்டபோது அந்த அணுக்கள் படபடவென்று துடித்தன. சாறு வருவதற்கு முன் ஒரு விளக்கு எரியும் என்று பழகிய பிறகு, துடிப்பு விளக்குக்கு நகர்ந்துவிட்டது. சாறு வந்தபோது அணுக்கள் அலட்டிக்கொள்ளவில்லை. விளக்கு எரிந்தும் சாறு வராவிட்டால் மட்டும், வழக்கமான துடிப்பும் அடங்கிப்போனது. இந்தச் செல்கள் எண்ணுவது பரிசை அல்ல, எதிர்பார்த்ததற்கும் கிடைத்ததற்கும் உள்ள வித்தியாசத்தை. குரங்கின் நரம்பணுவிலிருந்து நம் வீட்டுப் பிள்ளையின் முகத்துக்கு நேர்கோடு போட்டுவிட முடியாது. என்றாலும் முதல் வாரம் கண்ணை விரித்த ஐந்து ரூபாய் ஏன் மூன்றாம் வாரம் வெறும் ஐந்து ரூபாய் ஆகிறது, நிறுத்தினால் ஏன் வஞ்சித்ததுபோல் கோபம் வருகிறது என்பதற்கு இது நல்ல விளக்கம்.

எங்கள் வீட்டிலும் சார்ட் இருந்தது. மகன் மூன்றாம் வகுப்பு படித்த வருடம். படுக்கையை மடித்தால் ஒரு ஸ்டார், ஷூவை அதனிடத்தில் வைத்தால் ஒன்று, செடிக்குத் தண்ணீர் ஊற்றினால் ஒன்று, தண்ணீர் பாட்டில்களை நிரப்பினால் ஒன்று. பத்து ஸ்டாருக்கு இருபது ரூபாய். இரண்டு வாரம் எல்லாம் ஒழுங்காக ஓடியது. ஒருநாள் சாயங்காலம் மானம் இருட்டிக்கொண்டு வந்தது. முழங்கால் வலியோடு திண்ணையில் உட்கார்ந்திருந்த என் அம்மா அவனைக் கூப்பிட்டார்: "ஏய்யா, தூத்தல் போடுது பாரு. கொடியில கெடக்குற துணியக் கொஞ்சம் எடுத்துட்டு வாய்யா."

அவன் திமிராகச் சொல்லவில்லை. சந்தேகம் கேட்பதுபோல்தான் கேட்டான். "அது சார்ட்ல இல்லையே அப்பத்தா?"

அம்மா ஒன்றும் பேசவில்லை. கம்பை ஊன்றிக்கொண்டு எழுந்தார். நான் ஓடிப்போய்த் துணிகளை அள்ளினேன். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. பிள்ளை எங்களிடம் கற்றுக்கொண்டதைத்தான் திருப்பிச் சொன்னான். எந்த வேலைக்கு விலை இருக்கிறதோ அது வேலை; விலை எழுதாததெல்லாம் அவன் பொறுப்பில்லை. அவனுக்குத் துணியின்மேல் இருந்த ஆர்வம் ஒன்றும் குறைந்துவிடவில்லை, அது என்றைக்கும் இருந்ததில்லை. குறைந்தது வேறு ஒன்று. அப்பத்தாவின் முழங்கால் அவன் கண்ணில் படாமல் போயிற்று.

பொருளியலாளர்கள் இதைப் பெரியவர்களிடமே பார்த்திருக்கிறார்கள். இஸ்ரேலின் ஹைஃபா நகரில் பத்துக் குழந்தைக் காப்பகங்களில் யூரி நீஸியும் ஆல்டோ ருஸ்டிசினியும் செய்த ஆய்வு 2000-இல் வெளியானது. மாலையில் பிள்ளையை அழைத்துப்போகச் சில பெற்றோர் தாமதமாக வருவார்கள், ஆசிரியை காத்துக்கிடப்பார். ஆறு காப்பகங்களில், பத்து நிமிடத்துக்கு மேல் தாமதித்தால் 10 ஷேக்கல் அபராதம் என்று அறிவித்தார்கள். தாமதம் குறையவில்லை. சில வாரங்களில் ஏறக்குறைய இரண்டு மடங்காகக் கூடியது. அதுவரை ஆசிரியையைக் காக்கவைக்கிறோமே என்ற கூச்சம் இருந்தது. இப்போது அது காசு கொடுத்து வாங்கும் சேவை. அபராதத்தை நீக்கிய பிறகும் தாமதம் பழைய அளவுக்கு இறங்கவில்லை. கூச்சம் ஒருமுறை கணக்காக மாறினால், கணக்கை அழித்தாலும் கூச்சம் திரும்பி வருவதில்லை.

வீட்டு வேலையில் காசு செய்யும் கேடு இதுதான் என்பது என் முடிபு. ஸ்டான்ஃபோர்டு குழந்தைகள் இழந்தது வரையும் இன்பத்தை. நம் பிள்ளைகள் இழப்பது உறவின் கணக்கின்மையை. கூலிக்கு ஒரு நியாயம் உண்டு: வேண்டாம் என்றால் விட்டுவிடலாம். "இன்னைக்கு எனக்கு அஞ்சு ரூபா வேணாம்பா" என்று பிள்ளை சொன்னால், பேரத்தைத் தொடங்கிய நமக்குப் பதில் சொல்ல வழியில்லை. பங்குக்கு அந்த நியாயம் கிடையாது. வீட்டில் எனக்கும் பங்கு உண்டு என்றால், சோற்றில் உள்ளதுபோல் வேலையிலும் உண்டு.

மெக்ஸிகோவில் இதற்கு ஒரு சொல் இருக்கிறது: அகொமெதீதோ. யாரும் கேட்காமல், சூழ்நிலையைப் பார்த்து, என்ன தேவையோ அதைத் தானாகச் செய்கிறவர் என்று பொருள். பார்பரா ரோகாஃப் என்ற உளவியலாளரின் குழுவினர் குவாதலஹாரா நகரில் இரண்டு விதமான தாய்மாரிடம் பேசினார்கள். பழங்குடி மரபில் வந்த குடும்பத்துத் தாய்மார், தம் பிள்ளைகள் சொல்லாமலே தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்வதையும் சமையலில் இறங்குவதையும் சாதாரணமாகச் சொன்னார்கள். நெடுங்காலமாக நகரத்தில் படித்து வாழும் குடும்பத்துத் தாய்மாரின் பிள்ளைகள் அப்படித் தாமாகச் செய்வது அரிது; அவர்களுக்கு வேலையைப் பங்கிட்டுக் கொடுத்து, பரிசும் பேரமும் வைத்து வாங்க வேண்டியிருந்தது. முதல் வகைத் தாய்மார் செய்தது பெரிய வித்தை இல்லை. சிறு வயதில் பிள்ளை வேலைக்குள் வந்தபோது விரட்டவில்லை. கெடுத்தாலும் கூடவே இருக்கவிட்டார்கள்.

அகொமெதீதோவுக்குத் தமிழ் தேடி நான் அகராதியைப் புரட்டவில்லை. என் அம்மா வாயில் தினமும் புழங்கிய சொல்தான் அது: கூடமாட ஒத்தாசை. "கல்யாண வீட்டுக்குப் போனோமா, கூடமாட ஒத்தாசையா நின்னோமா" என்பார். கூடமாட என்பதற்குத் தனியாக ஒரு வேலையும் கிடையாது. பந்தியில் தண்ணீர் குறைந்தால் தண்ணீர், இலை குறைந்தால் இலை, குழந்தை அழுதால் குழந்தை. அதைச் சார்ட்டில் எழுத முடியாது. அங்கே நிற்க வேண்டும், பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

மானுடவியலாளர் கரோலினா இஸ்கியெர்தோ பெருவின் அமேசான் காட்டில் மாட்சிகெங்கா மக்களோடு இருந்தபோது பார்த்ததை எழுதியிருக்கிறார். கூரை வேய ஓலை வெட்ட ஆற்றுவழியே போன ஒரு குடும்பத்தோடு, வேறொரு வீட்டைச் சேர்ந்த ஆறு வயதுச் சிறுமி ஒருத்தியும் சேர்ந்துகொண்டாள். பாய்களில் படியும் மணலைப் பெருக்குவாள், ஆற்றில் பிடித்த நண்டுபோன்றவற்றைச் சமைத்து எல்லாருக்கும் பரிமாறுவாள். யாரிடமும் ஒன்றும் கேட்டுத் தொந்தரவு செய்யவில்லை. அதே காலத்தில் அவருடைய சக ஆய்வாளர் எலினர் ஓக்ஸின் குழு லாஸ் ஏஞ்சலஸில் முப்பது நடுத்தரக் குடும்பங்களைப் படம்பிடித்துவந்தது. சொல்லாமல் வழக்கமாக வீட்டு வேலை செய்யும் பிள்ளை ஒன்றுகூட அந்தப் பதிவுகளில் இல்லை. அமேசான் சிறுமியைப் பார்த்து நம் பிள்ளைகளை இடித்துரைக்க இதை நான் சொல்லவில்லை. அவளைச் சுற்றியிருந்த பெரியவர்களைப் பாருங்கள். பிள்ளைகள் கையில் கத்தியும் நெருப்பும் போவதை அவர்கள் தடுப்பதில்லை.

இன்னொரு நுட்பம் டொராண்டோவின் ஜோன் குருசெக்கும் சிட்னியின் ஜாக்குலின் குட்னவும் சேர்ந்து 1996-இல் காட்டியது. பிள்ளைகளின் வேலையை அவர்கள் இரண்டாகப் பிரித்தார்கள். தன் படுக்கையை மடிப்பது, தன் புத்தகத்தை அடுக்குவது தன்வேலை. எல்லாருக்கும் தட்டு வைப்பது, குடும்பத்துத் துணியை மடிப்பது பிறர்வேலை. பிறர்வேலையைத் தன் வழக்கமாகவே செய்துவரும் பிள்ளைகளிடம்தான் மற்றவர்மேல் அக்கறை கூடுதலாகக் காணப்பட்டது. தன்வேலை எவ்வளவு செய்தாலும் அந்தத் தொடர்பு இல்லை. கேட்டால் மட்டும் செய்கிறவர்களிடமும் இல்லை. அக்கறையுள்ள பிள்ளைதான் வேலையைத் தேடிப் போகிறதோ என்ற கேள்வியை இந்த ஆய்வால் மட்டும் தீர்க்க முடியாது. ஆனால் எங்கள் சார்ட்டை நான் திரும்ப நினைத்துப் பார்த்தேன். நாலில் இரண்டு தன்வேலை. "உன் பொருளை நீ எடுத்து வை" என்பதைத்தான் நாங்கள் பொறுப்பு என்று நினைத்து முதலில் எழுதியிருந்தோம்.

சரி, சலிப்பான வேலைக்குக் காசும் இல்லையென்றால் பிள்ளை ஏன் செய்ய வேண்டும்? டெசியின் குழு 1994-இல் இதையும் சோதித்தது. கணினித் திரையில் எப்போதாவது ஒளிப்புள்ளி வரும், வந்ததும் ஒரு விசையைத் தட்ட வேண்டும். அவ்வளவுதான் வேலை, செய்பவருக்குக் கொட்டாவி வரும். மூன்று காரியங்கள் அந்தச் சலிப்பையும் தாங்கவைத்தன. இது எதற்காக என்று காரணம் சொல்வது. இது சலிப்பான வேலைதான் என்று ஒப்புக்கொள்வது. "செய்தே ஆகணும்" என்ற அதிகாரத்தைக் குறைத்துத் தேர்வுக்குக் கொஞ்சம் இடம்விடுவது. இவை கூடியிருந்தபோது, கட்டாயம் நீங்கிய பிறகும் சிலர் தாமாகத் தொடர்ந்தார்கள்.

நம் வீட்டு மொழியில் அது எப்படி வரும்? "பாத்திரம் தேய்க்க எனக்கும் சலிப்பாத்தான்டா இருக்கு. போட்டுவச்சா காலையில நாறும், அம்மா அஞ்சு மணிக்கு எழுந்து அதையும் சேர்த்துக் கழுவணும். நீ தேய்க்கிறியா, துடைச்சு அடுக்குறியா?" இவ்வளவுதான். பாராட்டும் அப்படித்தான். "வெரி குட், சமத்து" என்பதில் பிள்ளைக்குத் தகவல் ஒன்றுமில்லை. "நீ எடுத்துட்டு வந்ததால அப்பத்தா சேலை நனையல" என்பதில் அவன் செய்ததன் முழுப் பொருளும் இருக்கிறது.

சொல்லைப் பற்றி இன்னொரு ஆய்வும் உண்டு. 2014-இல் கிறிஸ்டோபர் பிரையனும் சகாக்களும், மழலைப் பள்ளிப் பிள்ளைகளிடம் "உதவி செய்" என்பதைவிட "உதவுகிறவனாக இரு" என்ற தொனியில் பேசியபோது உதவி கூடியதைக் கண்டார்கள். தமிழில் "இவதான் எனக்கு வலதுகை" என்று தாய் பக்கத்து வீட்டுக்காரியிடம் சொல்வதை ஒளிந்திருந்து கேட்ட பெண்குழந்தைக்கு இந்த ஆய்வு தேவையில்லை. ஆனால் பின்னர் வந்த வேறொரு ஆய்வு ஒரு எச்சரிக்கையும் தந்தது: அந்தப் பட்டம் சூட்டிய பிள்ளை உதவப் போய்ப் பொருளைக் கொட்டிவிட்டால், அடுத்த முறை உதவத் தயங்குகிறது. பெயர் கெட்டுவிடுமே என்ற பயம். ஆகவே பாலைக் கொட்டிய நேரத்தில் நாம் என்ன முகம் காட்டுகிறோம் என்பது பட்டத்தைவிட முக்கியம்.

இங்கே நம் நாட்டைப் பற்றிப் பேசாமல் நகர முடியாது. 2019-இல் இந்திய அரசு எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு, ஆறு வயதும் அதற்கு மேலும் ஆனவர்களின் ஒரு நாளைப் பதிவு செய்தது. கூலியில்லா வீட்டு வேலையில் ஈடுபட்ட பெண்கள் நூற்றுக்கு 81 பேர். ஆண்கள் 26 பேர். ஈடுபட்டவர்களில் பெண் ஒரு நாளில் செலவழித்தது 299 நிமிடம், ஆண் 97 நிமிடம். கூடமாட ஒத்தாசை என்ற அழகான சொல்லின் பாரம் எந்தத் தோளில் விழுந்தது என்பது இந்த எண்களில் இருக்கிறது. நான் படித்த மேசைக்குப் பின்னால் என் அக்கா பாத்திரம் விளக்கிக்கொண்டிருந்தாள். அவளுக்கும் அடுத்த நாள் பரீட்சைதான். அவளை யாரும் காசு கொடுத்து வேலை வாங்கவில்லை, பாராட்டவும் இல்லை. என்னை யாரும் கூப்பிடவே இல்லை. பரிசு வேண்டாம் என்று எழுதும் எந்த ஆணும் முதலில் இதைச் சொல்லிவிட வேண்டும். பங்கு என்றால் எல்லாருக்கும் பங்கு. அப்பா சோபாவில் செல்போனோடு சாய்ந்திருக்க, மகளை மட்டும் கூப்பிடும் வீட்டில் நடப்பது ஏவல்.

பாரத்துக்கும் எல்லை உண்டு. பள்ளி நேரத்துக்கு வெளியே குடும்பத் தொழிலில் பிள்ளைகள் உதவலாம் என்று 2016-இல் திருத்திய குழந்தைத் தொழிலாளர் சட்டம் இடம் தருகிறது. அந்தக் கதவு வழியே தறியும் கடையும் பிள்ளையின் மாலைப்பொழுதைத் தின்றுவிட முடியும். நான் பேசுவது அரைமணி நேரத்தை, ஒரு கீரைக்கட்டை.

காசைப் பற்றி ஒரு வார்த்தை. பிள்ளைக்குக் காசே கொடுக்கக் கூடாது என்பதில்லை. வரவுசெலவு பழக அது வேண்டும். அமெரிக்காவில் கைச்செலவுக் காசு எப்படி வந்தது என்பதைச் சமூகவியலாளர் விவியானா ஜெலைசர் 1985-இல் வெளியான தம் நூலில் விவரிக்கிறார். பண்ணையிலும் ஆலையிலும் சம்பாதித்துவந்த பிள்ளைகளை இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சட்டமும் மனமாற்றமும் பள்ளிக்கு அனுப்பின. சம்பாதிக்காத பிள்ளைக்குக் கையில் காசு வேண்டுமே என்ற கேள்வி அப்போதுதான் எழுந்தது. அதை வேலைக்குக் கூலியாகத் தருவதா, சும்மா தருவதா என்ற சண்டையும் கூடவே பிறந்தது. எங்கள் வீட்டில் இப்போது ஞாயிற்றுக்கிழமை ஒரு தொகை, வேலையோடு தொடர்பில்லாமல். தீபாவளிக்குத் தாத்தா தரும் காசுக்கு யாரும் கணக்குக் கேட்பதில்லை, அதுபோல.

சார்ட்டை எடுத்த பிறகு முதல் மாதம் கஷ்டமாகத்தான் இருந்தது. லண்டனில் பிலிப்பா லாலியின் குழு 96 பேரிடம் செய்த ஆய்வில், ஒரு சிறு செயல் யோசிக்காமலே நடக்கும் பழக்கமாக நடுத்தரமாக 66 நாள் ஆனது; சிலருக்கு 18, சிலருக்கு 254 ஆகும் என்று கணக்கு வந்தது. அதனால் நாங்கள் பல வேலைகளைச் சுழற்றவில்லை. ஆளுக்கு ஒன்று, நாளும் அதே நேரத்தில். எனக்குக் காலைப் பாத்திரம். மகளுக்கு, அப்போது ஐந்து வயது, பூண்டு உரிப்பதும் கொடியிலிருந்து வரும் துணியில் சாக்ஸ் ஜோடி சேர்ப்பதும். மகனுக்கு இரவுச் சாப்பாட்டுக்குத் தட்டும் தண்ணீரும். எல்லாரும் ஒரே நேரத்தில் வேலையில் இருக்கும்படி பார்த்துக்கொண்டோம், ஒருவர் விளையாட ஒருவர் தேய்க்கும் நிலை வராமல். மறந்தால் நினைவூட்டுவோம்; மறந்ததை நாங்களே செய்துவிட்டு முகம் சுளிப்பதை நிறுத்த எனக்கு நாளாயிற்று. பூண்டு உரிப்பது பத்து நிமிட வேலை, மகளோடு அரைமணி. தோலோடு சில பற்கள் குழம்புக்குள் போயிருக்கின்றன.

தட்டு வைக்கிற வேலையில் நான் எதிர்பாராத ஒன்று இருந்தது. எத்தனை தட்டு என்று எண்ண வேண்டும். எண்ணுவதற்கு வீட்டில் யார் இருக்கிறார்கள், யார் இன்னும் வரவில்லை, யாருக்கு உடம்பு சரியில்லை என்று தெரிந்திருக்க வேண்டும். ஒரு சனிக்கிழமை என் அக்கா வந்திருந்தாள். எட்டு மணி இருக்கும். மகன் அடுக்களைவரை போய்விட்டுத் திரும்பி வந்து கூடத்தில் நின்றான்.

"அத்தை, நீங்க இருந்து சாப்பிட்டுப் போறீங்களா? அப்பத்தாவுக்கு இன்னைக்குக் கால் வலி, கட்டில்லயே சாப்பிடுவாங்க. கீழ அஞ்சு தட்டு வைக்கட்டுமா, நாலா?"